மேட்டுப் பாத்தியும் வீட்டுக் கிணறும்

வீட்டுத் தோட்டத்தின் அருமையை நம் நாட்டவர்க்கு அண்மைக்காலத்தில் நன்கு உணர்த்திய ஆண்டு 2022 ஆகும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதும், அதன்பின் அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டினால் எரிபொருளும் உணவுப் பொருளும் அரிதாகியதும் யாவரும் அறிந்தவை. 2022 யூன் மாதத்தில், அரசாங்க ஊழியர் வீட்டுத் தோட்டம் செய்தற்பொருட்டு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை பெறலாமென அமைச்சரவை தீர்மானித்தது. அந்நாட்களில் மண்வெட்டி பிடித்தறியாத கைகளும் மண்வெட்டி பிடித்தன. முற்றத்துப் பூஞ்செடிகள் நின்ற இடத்தில் கத்தரியும் மிளகாயும் தலைகாட்டின.

நெருக்கடி சற்றுத் தணிந்ததும் அத்தோட்டங்களிற் பல புல்மண்டிப் போயின. சில வீடுகளில் மாத்திரம் அவை நிலைத்துவிட்டன. நிலைத்த வீடுகளில் இன்று நாம் பெரிதுங் காண்பது, கல்லாலோ ஓட்டாலோ சுற்றிவர விளிம்பு கட்டி, நிலமட்டத்துக்கு மேலே மண்ணை உயர்த்தி அமைத்த மேட்டுப் பாத்தியாகும். இது பற்றி வாசகர் பலர் நம்மிடம் வினவியுள்ளனர். மேட்டுப் பாத்தி அவசியந்தானா? எவ்வளவு உயரம் வேண்டும்? எருவை எவ்வளவு இடலாம்? இவ்வினாக்களுக்கு இம்முறை விடை கூற முயல்வோம். ஆயின், பாத்தியைப்பற்றி மட்டும் பேசி அமைதல் இயலாது. குடாநாட்டில் வீட்டுக் கிணறும் வீட்டுத் தோட்டமும் ஒரே வளவினுள் இருப்பவை. ஆதலின் பாத்திக்குக் கீழேயுள்ள நீரைப்பற்றியுஞ் சிறிது பேசுதல் கடனாகின்றது.

மேட்டுப் பாத்தி பிறந்த இடம்

மேட்டுப் பாத்தியைப் புதிய கண்டுபிடிப்பென்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. மெக்சிக்கோ நாட்டுப் பள்ளத்தாக்கில் ஆழமில்லாத ஏரிகள் பல இருந்தன. அங்கு வாழ்ந்த அஸ்ரெக் மக்கள் ஏரியின் அடிச்சேற்றை வாரியெடுத்து, தழையும் நாணலும் இட்டு, நீருக்கு மேலே நீண்ட மேட்டு நிலங்களை அமைத்தனர். சினம்பா எனப்படும் இம்மேடுகளிற் சோளம், அவரை, பூசணி, மிளகாய் முதலியன விளைந்தன. சொச்சிமில்கோ என்னும் இடத்தில் இன்றும் இவற்றைக் காணலாம். 1987இல் யுனெஸ்கோ நிறுவனம் அவ்விடத்தை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. தென்னமெரிக்காவின் திற்றிக்காக்கா ஏரியைச் சூழ்ந்த உயர்நிலங்களிலும் பழைய மேட்டு வயல்கள் உள்ளன.

இவற்றை ஆராய்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். நீர் மிகுந்து நிலம் ஊறிக் கிடக்கும் இடத்திலேதான் மனிதன் மண்ணை உயர்த்தினான். நீர் குறைந்த இடத்தில் அவன் மண்ணைத் தாழ்த்தினான். நம் விவசாயிகளும் இதனை நன்கு அறிந்திருந்தனர். குடாநாட்டுத் தோட்டங்களில் பாத்தி என்ற சொல், நாற்புறமும் வரம்பு கட்டி நடுவிலே நீர் தங்கும்படி அமைத்த தாழ்ந்த பாத்தியையே குறிக்கும். துலா மிதித்து இறைத்த காலத்திலும், பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்த காலத்திலும், வாய்க்கால் வழியே ஓடிய நீர் ஒவ்வொரு பாத்தியையும் நிரப்பிச் சென்றது. அதே விவசாயி, மாரிக்கு முன்னர் மிளகாய், கத்தரி, தக்காளி விதையிடும்போது, நிலத்தை ஓரடிக்கு அரையடியேனும் உயர்த்தி நாற்றுமேடை அமைத்தான். இளநாற்று நீரில் நின்றால் அழுகிவிடும் என்பது அவனது அனுபவம். எனவே நமக்கு மேடும் புதிதன்று, பள்ளமும் புதிதன்று. எப்பொழுது எதனைக் கொள்ளுதல் என்பதே அறிய வேண்டியது.

யாருக்கு அவசியம்?

செடியின் வேர் சுவாசிக்கின்றது. மண்ணின் சிறு துவாரங்களில் உள்ள காற்றே வேருக்கு உயிர்ப்பாகும். மழைநீர் அத்துவாரங்களை நிரப்பி இரண்டொரு நாள் வடியாது நின்றால் வேர் மூச்சடைத்து நலிவடையும். நலிந்த வேரைப் பூஞ்சண நோய்கள் எளிதிற் பற்றும். மழை விட்டபின் வெயில் எறிக்கும்போது, நிலத்தில் ஈரமிருந்தும் மிளகாய்ச் செடி வாடித் தலைசாய்வதை நாம் பல வளவுகளிற் கண்டிருக்கின்றோம். 2008 நவம்பரில் நிஷா புயலோடு பெய்த பெருமழை யாழ்ப்பாணத்தின் தாழ்ந்த பகுதிகள் பலவற்றை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அத்தகைய ஆண்டுகளில் அரையடி உயரம் ஒரு தோட்டத்தைக் காப்பாற்றவும் கூடும்.

எனினும் எல்லா வளவுக்கும் மேடு வேண்டியதில்லை. வலிகாமத்தின் செம்மண் நீரை விரைவாக உள்வாங்கும் இயல்பினது. கரையோர மணல் அதனினும் விரைவாக நீரை இறக்கிவிடும். வயலோரத்திலும், வெள்ள வாய்க்காலின் அருகிலும், களிகலந்த தாழ்நிலத்திலும் வீடுடையோர்க்கே மேட்டுப் பாத்தி மிகவும் பயன்படும்.

உம்முடைய வளவு எத்தகையது என்பதை அறிய ஒரு சிறு சோதனை உண்டு. மாணவர்கள் இதனைத் தாமே செய்யலாம். ஓரடி ஆழம், ஓரடி அகலமான குழியொன்றை வெட்டி நீரால் நிரப்புக. அந்நீர் முற்றாக வடிந்தபின் மறுபடியும் நிரப்புக. இரண்டாம் முறை ஊற்றிய நீர் சில மணி நேரத்தில் வடியுமாயின் உம்முடைய நிலம் நல்ல வடிகாலுடையது. ஒரு நாளாகியும் நீர் நிற்குமாயின் மேட்டுப் பாத்தி இன்றியமையாதது. முதுகு வளைத்துக் குனிய இயலாத முதியோர் தோட்டஞ் செய்ய விரும்பின், நிலம் எத்தகையதாயினும், இரண்டடி உயரத்தில் மேடை கட்டிக் கொடுத்தல் நன்று. விளிம்பிலே அமர்ந்தவாறே அவர்கள் களை பிடுங்கலாம்.

மண் வாங்காது மேடு அமைத்தல்

பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. இருபுறத்திலிருந்தும் கைநீட்டினால் நடுவைத் தொடல் வேண்டும். சுவரோரமாக அமைப்பின் 2 அடி போதும். அமைத்தபின் எக்காரணங்கொண்டும் பாத்தியின்மேல் கால் வைத்தல் கூடாது. மிதிபட்ட மண் இறுகிவிடும். நீளம் வளவின் வசதியைப் பொறுத்தது. நாம் 8 அடி என்று வைத்துக் கொள்வோம்.

பலர் மேட்டுப் பாத்திக்கென உழவு இயந்திரப் பெட்டி நிறைய மண் வாங்கிப் பணத்தைச் செலவிடுகின்றனர். அம்மண் எங்கிருந்து வந்ததென்பதும், அதில் என்ன களைவிதை உள்ளதென்பதும் தெரியாது. நம்முடைய வளவு மண்ணே போதுமானது என்பதைக் கணக்கினாற் காட்டுவோம். பாத்தியின் இரு நீளப் பக்கங்களிலும் 1½ அடி அகலத்தில் நடைபாதை விடுக. அப்பாதையில் 6 அங்குல ஆழத்துக்கு மேல்மண்ணை வெட்டிப் பாத்தியின்மேல் இடுக. ஒரு பாதையிலிருந்து 8 × 1½ × ½ = 6 கன அடி மண் கிடைக்கும். இரண்டிலுமிருந்து 12 கன அடி. பாத்தியின் பரப்பு 32 சதுர அடி. 12 கன அடி மண்ணை 32 சதுர அடியிற் பரப்பினால் 4½ அங்குலம் உயரும். பாதையோ 6 அங்குலந் தாழ்ந்துவிட்டது. ஆகவே பாதைக்கும் பாத்திக்குமிடையே 10½ அங்குல வேறுபாடு உண்டாகின்றது. இதன்மேல் ஒன்றரை அங்குலம் உக்கிய எரு பரப்பினால் ஓரடி நிறைவாகும். வெளியிலிருந்து ஒரு கூடை மண்தானும் வாங்க வேண்டியதில்லை. தாழ்ந்த பாதை மாரியில் வடிகாலாகவும் உதவும்.

விளிம்புக்குச் சுண்ணாம்புக்கல், உடைந்த கூரை ஓடு, சீமெந்துக் கல், முன்னரே விழுந்து கிடக்கும் பனங்குற்றி என்பன ஏற்றவை. விளிம்பே இல்லாது பக்கங்களைச் சரிவாகத் தட்டிவிடினும் குறையில்லை. ஆனால் உடைந்த அஸ்பெஸ்ரஸ் தகட்டை நாட்டும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். அதன் நுண்ணிழைகள் சுவாசப்பையுட் சென்றாற் கொடிய நோய்களை விளைவிக்கும். எண்ணெய் ஊட்டிய பழைய தண்டவாளக் கட்டைகளும் உணவுப் பயிரின் அருகே வேண்டாம்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் விழும் இடமாக இருத்தல் அவசியம். பாத்தியை வடக்குத் தெற்காக நீட்டி அமைத்தல் நன்று. மாரிகாலத்தில் நம் நாட்டிற் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கின்றது. ஆதலின் பயிற்றை, பாகல், புடலை முதலிய கொடிகளுக்குப் பந்தலை வடக்கு முனையில் நாட்டினால் அவற்றின் நிழல் ஏனைய செடிகளின்மேல் விழாது.

குழையும் எருவும்

பூவரசங்குழை, சீமைக்கிளுவைக் குழை, வாதராணிக் குழை, பழைய பனையோலை ஆகியவற்றை மண்ணிற் புதைத்துப் பயிர் செய்தல் குடாநாட்டின் பழைய வழக்கம். வேலி என்பது எல்லை மாத்திரமன்று, எருக்களஞ்சியமுமாகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1990ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதிக்கு யூரியா கொண்டுவருதல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், குழையும் சாணமும் ஆட்டெருவும் தோட்டங்களுக்குப் பெருந்துணையாயின. இன்று வேலிகளிற் பல மதில்களாகிவிட்டன. மதில் இலை உதிர்ப்பதில்லை. ஆகவே மதிலோரத்தில் இரண்டு சீமைக்கிளுவைத் தடிகளையேனும் நட்டு வைத்தல் வீட்டுத் தோட்டக்காரர்க்கு நாம் கூறும் முதற் புத்தி.

நடுவதற்கு மூன்று வாரத்துக்கு முன்னரே குழையை அரையடி ஆழத்திற் புதைத்தல் வேண்டும். பச்சையாக உக்கும்போது வெளிப்படும் வெப்பமும் வாயுவும் இளவேரைத் தாக்கும். மேலே கூறிய ஒன்றரை அங்குல எரு என்பது ஏறக்குறைய 4 கன அடி, அதாவது 10 லீற்றர் வாளியால் பதினொரு வாளி. இதிற் பெரும்பங்கு இலைகுப்பை உக்கியதாக இருக்கட்டும். மாட்டெரு இரண்டு வாளிக்கு மேல் வேண்டாம். கோழியெருவாயின் அதனினும் மிகக் குறைவாக, நன்கு உக்கியதையே இடுக. இவ்வளவும் முதலாண்டுக்கு மாத்திரம். அடுத்த ஆண்டுகளில் அரை அங்குலப் படையே போதும்.

எரு என்றால் இவ்வளவு கஞ்சத்தனம் ஏன் என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடை கிணற்றில் இருக்கின்றது.

பாத்தியின் அடி எங்கே?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கையாறும் மழைகாலத்து ஓட்டமே. நமக்கு வாய்த்தது நிலத்தடி நீர் ஒன்றே. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கற்பாறையின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் மழைநீர் இறங்கி, கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதந்து நிற்கின்றது. வீட்டுக் கிணறு, தோட்டக் கிணறு, பொதுக் கிணறு யாவும் அப்படையிலேயே வாளி விடுகின்றன. பாறையின்மேல் உள்ள மண் பல இடங்களில் ஆழமற்றது. மேலே ஊற்றியது கீழே வந்து சேரத் தடை அதிகமில்லை.

செடிக்கு வேண்டிய சத்துக்களில் நைதரசன் முதன்மையானது. யூரியாவில் 100க்கு 46 பங்கு நைதரசன் உண்டு. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நைத்திரேற்று நீரிற் கரைவது, மண்துகளோடு ஒட்டி நில்லாதது. வேர் உறிஞ்சியது போக மீதி, அடுத்த மழையோடு கீழே இறங்கிவிடும். 1980ஆம் ஆண்டுகளிலிருந்து செய்யப்பட்ட ஆய்வுகள் பல, குடாநாட்டின் செறிந்த பயிர்ச்செய்கைப் பகுதிகளிலுள்ள கிணறுகளில் நைத்திரேற்று விதித்த அளவைத் தாண்டியிருத்தலைக் காட்டியுள்ளன. தோட்டப் பசளையோடு மலசலகூடக் குழிகளும் இதற்குக் காரணமாகும்.

உலக சுகாதார தாபனம் குடிநீருக்கு விதித்த எல்லை, லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. இவ்வெல்லை பெரிதும் கைக்குழந்தைகளை எண்ணி விதிக்கப்பட்டது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு, நைத்திரேற்று மிகுந்த நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுக்குமிடத்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். குழந்தையின் தோல் நீலம்பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தாற் கிருமி சாகும், நைத்திரேற்று சாகாது. கொதித்து நீர் வற்ற வற்ற அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இதனைத் தாய்மார் நன்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, இரசாயனம் பயிலும் மாணவர்க்கு ஒரு கணக்கு. 50 கிராம் யூரியா ஒரு கைப்பிடியளவாகும். அதிலுள்ள நைதரசன் 23 கிராம். 14 கிராம் நைதரசன் 62 கிராம் நைத்திரேற்றைத் தரும். ஆகவே 23 கிராம் நைதரசன் ஏறக்குறைய 100 கிராம் நைத்திரேற்றைத் தரும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் வீதம் 100 கிராம் எத்தனை லீற்றருக்குக் காணும்? விடை 2000 லீற்றர். அதாவது, செடிக்குப் பயன்படாது போன ஒரு கைப்பிடி யூரியா முழுவதும் நைத்திரேற்றாகிக் கிணற்றை அடையுமாயின், 2000 லீற்றர் தூய நீரை எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். 8 அடி விட்டமுள்ள கிணற்றில் ஆறரை அடிக்கு நீர் நின்றால் அது ஏறக்குறைய 9000 லீற்றர். அதற்குக் கால் கிலோ யூரியாவே மிகுதி. மெய்யாக நிகழ்வதில் ஒரு பங்கைச் செடி எடுத்துக்கொள்ளும், ஒரு பங்கு காற்றிற் கலக்கும், கிணற்று நீரும் ஓரிடத்தில் நில்லாது ஊறி மாறும். எனினும், ஒரு கைப்பிடியின் பாரம் எவ்வளவென்பதை இக்கணக்கு தெளிவாக்குகின்றது.

சேதனப் பசளையே இடுகின்றோம், ஆதலால் நமக்குப் பயமில்லை என்போர்க்கும் ஒரு சொல். சாணத்திலும் கோழியெருவிலும் உள்ள நைதரசனையும் அதே நுண்ணுயிர்கள் அதே நைத்திரேற்றாகவே மாற்றுகின்றன. உக்கிய எரு மெல்ல மெல்ல வெளியிடுதலால் ஆபத்துக் குறைவு. ஆனால் அளவு மிஞ்சினால் இதுவும் கிணற்றுக்கே செல்லும். மேட்டுப் பாத்தியின் சிறப்பு நீரை விரைவாக வடியவிடுதல் என்றோம். நீர் வடியுமிடத்துச் சத்தும் வடிகின்றது. மேட்டின் குணமும் குற்றமும் ஒன்றேயாதலின், மேடமைத்தவர் மற்றையோரிலும் கவனமாக எருவிடல் வேண்டும்.

செய்ய வேண்டியவை சிலவே. முதலாவது, பாத்தியைக் கிணற்றடியிலிருந்து இயன்றவரை விலக்கி, நீர் கிணற்றுப் பக்கம் ஓடாதவாறு அமைத்தல். இரண்டாவது, எருவை ஒரேயடியாக இடாது, நடும்போது பாதியும், செடி பூக்கத் தொடங்கும்போது பாதியுமாகப் பிரித்திடல். மூன்றாவது, பெருமழை குமுறிக்கொண்டு நிற்கும் நாளில் எவ்வகைப் பசளையும் இடாதிருத்தல். நான்காவது, பாத்தியை ஒருபோதும் வெறுமையாக விடாதிருத்தல். வேர் உள்ள மண்ணில் நைத்திரேற்று கீழிறங்கு முன்னர் வேர் அதனைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாவது, பயிற்றை, உழுந்து, பயறு ஆகிய அவரையினங்களை இடையிடையே பயிரிடல். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஊட்டுதலால், இவற்றுக்கு நாம் யூரியா இட வேண்டியதேயில்லை. கைக்குழந்தை உள்ள வீட்டார் தமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அணுகி, கிணற்று நீரைச் சோதிப்பிக்கும் வழியைக் கேட்டறிதல் நன்று.

மாரியிலிருந்து கோடைக்கு

ஆவணிக் கடைசியிலும் புரட்டாதியிலும் நாற்றுமேடையில் விதையிட்டு, ஐப்பசியிற் பாத்திக்கு மாற்றலாம். 8 அடிப் பாத்தியில் கத்தரி எட்டுச் செடி, அல்லது மிளகாய் பத்துச் செடி போதும். நெருக்கி நட்டால் இலைக்கு இலை ஈரம் உரசி நோய் பரவும். பெருமழை ஓயுமுன் முளைக்கீரை விதைத்தல் வீண். மழைத்துளி விதையைத் தெறித்துவிடும். மார்கழிக் கடைசியில் விதைத்தால் ஒரு மாதத்துக்குள் கறிக்கு எடுக்கலாம். மாரியில் நத்தைகளை மாலை வேளையில், கைக்கு உறை அணிந்து பொறுக்கி அழிக்க வேண்டும். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பத்தவை. அவற்றை ஆண்டுதோறும் ஒரே பாத்தியில் நட்டால் மண்ணிலுள்ள நோயும் புழுவும் பெருகும். கத்தரி நின்ற இடத்தில் அடுத்தமுறை பயிற்றை, அதன்பின் கீரை அல்லது வெங்காயம் என மாற்றி வருக.

தை பிறந்து வெயில் ஏறியதும் மேட்டுப் பாத்தியின் குற்றம் தெரியத் தொடங்கும். நாற்புறமும் காற்றுப் படுதலால் மண் விரைவில் உலரும். அப்பொழுது பாத்தியை இடிக்க வேண்டியதில்லை. ஒரு பயிர் முடிந்து மறுபயிர் நடுமுன், நடுமண்ணை ஓரங்களுக்கு இழுத்து மூன்று அங்குல வரம்பாக்கினால், மாரியில் மேடாக நின்ற அதே பாத்தி கோடையில் நீர்தாங்கும் பாத்தியாகிவிடும். அதன்மேல் உலர்ந்த இலை, வைக்கோல் ஆகியவற்றை இரண்டு அங்குலத்துக்கு மூடுபடையாகப் பரப்புக. வெயில் மண்ணைத் தொடாது. நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் வேண்டுமெனக் கொண்டால், 3 சதுர மீற்றர் கொண்ட இப்பாத்திக்கு 15 லீற்றர், அதாவது ஒன்றரை வாளி போதும். அரிசி கழுவிய நீரையும் மரக்கறி கழுவிய நீரையும் சேர்த்தால் கிணற்றிலிருந்து மொள்ளுவது இன்னுங் குறையும். கிணற்றை அளவோடு இறைப்பதும் கிணற்றைக் காப்பதாகும். மிதக்கும் நன்னீர்ப் படை மெலிந்தால் கீழுள்ள உவர் மேலெழும்.

ஏனைய இடத்தார்க்கு

மலையகத்தில் வாழ்வோர்க்கு முதற் பகை சரிவில் ஓடும் மழைநீர். அவர்கள் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே, சம உயரக் கோட்டில், கல்லடுக்கி அமைத்தல் வேண்டும். அங்கு மண் புளிப்புத்தன்மை உடையதாதலின் தொலமைற்றுச் சுண்ணாம்பு இடுவது வழக்கம். குடாநாட்டுச் சுண்ணாம்பு மண்ணுக்கோ அது வேண்டியதில்லை, அடுப்புச் சாம்பலையும் அளவோடு இடவேண்டும். மட்டக்களப்புக் கரையோர மணலில் மேட்டினும் எருவும் தும்புச்சோறும் கலந்த தாழ்ந்த பாத்தியே கோடைக்கு ஏற்றது. கொழும்பிலும் சூழலிலும் நிரவிய காணியில் வீடுடையோர், கட்டிட இடிபாடுகள் கலந்த மண்ணை நம்பாது, நல்ல மண் கொண்டு மேடை கட்டுதல் தக்கது.

எங்கு வாழினும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. கடையில் வாங்கிய கத்தரிக்காயின் பசளை யாருடைய கிணற்றிற் சேர்ந்ததோ நாம் அறியோம். வீட்டுப் பாத்தியிற் பறித்த கத்தரிக்காய்க்கு இட்டது எவ்வளவென்பது நமக்குத் தெரியும், அது எங்கே செல்லுமென்பதும் தெரியும். அந்த அறிவே வீட்டுத் தோட்டத்தின் முதல் விளைச்சல். பிள்ளைகளைப் பாத்தியருகே அழைத்துச் சென்று, பாதையின் ஆழத்தையும், வாளியின் அளவையும், மேலே கண்ட யூரியாக் கணக்கையும் அவர்களே செய்து பார்க்க விடுங்கள். வகுப்பறையில் விளங்காத இரசாயனம் கிணற்றடியில் விளங்கக் காண்பீர்கள்.

இலைகுப்பையை எரிக்காது கூட்டெருவாக்கும் முறைகளை அடுத்த முறை விரிவாகக் கூறுவோம். அதுவரை முற்றம் கூட்டும் குப்பைக்கு நெருப்பு வையாது, வளவின் ஒரு மூலையிற் குவித்து வையுங்கள்.